முண்டக்கை மலை ஏன் திரும்பத் திரும்பச் சரிகிறது?

வயநாடு மாவட்டம் மேப்பாடி ஊராட்சியிலுள்ள முண்டக்கை, சூரல்மலை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் மூன்று கேள்விகள் எழுகின்றன. ஒரே இடம் எப்படித் திரும்பத் திரும்பச் சரிகிறது? முன்கூட்டியே எச்சரித்தார்களா, இல்லையா? இடிபடாமல் நிற்கும் வீடுகளுக்கு ஆட்கள் திரும்பிப் போகலாமா? 2024 ஜூலை 30-ஆம் தேதி இரவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் இவற்றுக்கு விடை கிடைக்காது. அரசின் கணக்கில் 298 உயிர்களைக் கொண்டுபோன அந்த இரவுக்கு முன்பே இதே ஊர் இருமுறை சரிவைப் பார்த்திருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கும் ஒருமுறை பார்த்திருக்கிறது. அந்த வரிசையைப் புரிந்துகொள்ள, முதலில் மலையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரும் ஆறும்

வயநாடு ஒரு மேட்டுநிலம். அதன் தண்ணீரில் பெரும்பகுதி கபினி வழியாகக் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. முண்டக்கை இருக்கும் தெற்கு மூலை மட்டும் அப்படியில்லை. இங்கே மேட்டுநிலம் முடிந்து, மலை செங்குத்தாக நிலம்பூர்ப் பக்கம் இறங்குகிறது. தண்ணீரும் மேற்கே திரும்பிச் சாலியாற்றில் விழுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று ஏறி மோதுவது இந்த விளிம்பில்தான். அதனால், இங்கே பெய்யும் மழைக்கும் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களில் பெய்யும் மழைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். மாவட்டத்தின் சராசரி மழை என்று செய்தியில் சொல்லும் எண்ணை வைத்து இந்த மூலையை மதிப்பிட முடியாது.

மேலே வெள்ளரிமலைக் காடு. அதன் அடியில் புஞ்சிரிமட்டம், அடுத்து முண்டக்கை, அதற்கும் கீழே கடைவீதியும் பள்ளிக்கூடமும் இருந்த சூரல்மலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அட்டமலை. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஓடுவது ஒரே ஆறு. இருவஞ்சிப்புழை என்றும் புன்னப்புழை என்றும் சொல்கிறார்கள். சூச்சிப்பாறை அருவியில் இறங்கிச் சாலியாற்றோடு கலக்கிறது. சூரல்மலைப் பாலம் போய்விட்டால் முண்டக்கைக்கு வண்டி போக வேறு வழி கிடையாது.

மலையடிவாரத்தில் ஆற்றோரமாகக் கிடைக்கும் சமதளம் மேலிருந்து உருண்டு வந்த கல்லும் மண்ணும் காலங்காலமாகப் படிந்து உண்டான நிலம். வீடு கட்டத் தோதான இடமும் அதுதான்: அஸ்திவாரம் போட எளிது, தண்ணீர் பக்கத்தில், ரோடு பக்கத்தில். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளும் (வயநாட்டில் பாடி, மூணாறில் லயம்) தேயிலை பயிரிட்டது போக மிஞ்சிய இடத்தில், ரோட்டையும் ஓடையையும் ஒட்டித்தான் வரிசையாக எழும்பின. பாடியில் இருப்பவருக்கு அந்த வீடும் மனையும் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஆபத்தான இடம் என்று தெரிந்தாலும் விற்றுவிட்டு வேறு இடம் வாங்கிப் போக அவரிடம் எதுவும் இல்லை. ‘ஏன் அங்கே இருந்தார்கள்’ என்று கேட்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘நிலச்சரிவு’ என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம்

செய்தியில் ஒரே பெயரில் வந்தாலும் மூன்று வேறு நிகழ்வுகள் இதில் உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்தே ஆபத்து எவ்வளவு தூரம் எட்டும் என்பது மாறும்.

1. மண்சரிவு. ரோட்டுக்காகவோ வீட்டுக்காகவோ வெட்டிய மேடு, மழையில் ஊறிக் கீழே விழுவது. விழுந்த இடத்திலேயே கிடக்கும். வீட்டின் பின்சுவரை இடிக்கும், ரோட்டை அடைக்கும். நீலகிரியில் மழைக்காலத்தில் அடிக்கடி பார்ப்பது இதை.

2. உருள்பொட்டல். மலைச்சரிவின் மேல்பகுதியில், ஓடை தொடங்கும் குழிவில், மண்ணும் தண்ணீரும் சேர்ந்து பெயர்ந்து ஓடைக்குள் இறங்குவது. இறங்கும் வழியிலுள்ள பாறைகளையும் மரங்களையும் வாரிச் சேர்த்துக்கொண்டே போகும். தொடங்கிய அளவைவிடப் பல மடங்காகப் பெருத்துத்தான் அடிவாரத்துக்கு வரும். முண்டக்கையில் நடந்தது இதுதான். சரிந்த இடத்துக்கும் செத்தவர்கள் இருந்த இடத்துக்கும் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி இருந்ததற்குக் காரணமும் இதுதான்.

3. நிலத்தடி மண் அரிப்பு. மேல்மண் அப்படியே இருக்க, உள்ளே தண்ணீர் குழாய் போல வழி குடைந்து களிமண்ணை அரித்துக்கொண்டு போவது. வெளியே எதுவும் தெரியாது. மேல்நிலம் திடீரென்று உள்வாங்கும். 2019-இல் புத்துமலையை ஆராய்ந்தவர்கள் இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

மழை எப்படி மலையைத் தள்ளுகிறது

இந்தப் பகுதியின் அடிப்பாறை சார்னோக்கைட், நைஸ் போன்ற கடும்பாறை. அதன்மேல் சிதைந்த பாறையும் களிமண்ணும் மேல்மண்ணும் போர்வையாகக் கிடக்கின்றன. பாறைக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மேல்மண்ணில் தாராளமாக இறங்கும். ஆகவே பெய்த மழை இரண்டும் சேரும் இடத்தில் போய்த் தங்குகிறது.

சரிவிலுள்ள மண் கீழே வராமல் நிற்பது, மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உரசிக்கொண்டிருப்பதால்தான். தண்ணீர் இடுக்குகளை நிரப்பியதும் அதன் அழுத்தம் துகள்களைத் தூக்கிப் பிரிக்கிறது. எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் மலை மெல்ல மெல்ல நகராமல் ஒரே நொடியில் விடுபடுகிறது.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். முண்டக்கைக்கு மேலே பெயர்ந்த நிலத்தின் பரப்பு 86,000 சதுர மீட்டர் என்று இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தது. அந்தப் பகுதியில் 48 மணி நேரத்தில் பதிவான மழை 572 மி.மீ. பெருக்கினால் சுமார் 4.9 கோடி லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் நாலாயிரம் லோடு. இதில் ஒரு பங்கு மேலோடு ஓடியிருக்கும். அதற்கு ஈடாக மேல்சரிவிலிருந்து வடிந்த தண்ணீரும் உள்ளே வந்திருக்கும்.

ஒருநாள் மழை மட்டும் முக்கியமில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. 2024-இல் ஜூலை 28 முதல் 29 வரை சுமார் 200 மி.மீ. பெய்து மண் முழுக்க ஊறிவிட்டது. அடுத்த 24 மணி நேரத்தில் விழுந்த 372 மி.மீ.க்கு மண்ணில் இடமில்லை. காய்ந்த மலையில் இதே 372 விழுந்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கலாம்.

‘மேகவெடிப்பு’ என்று பல இடங்களில் எழுதினார்கள். ஒரு சிறு பரப்பில் ஒரே மணி நேரத்தில் 100 மி.மீ.க்கு மேல் கொட்டினால்தான் வானிலைத் துறை அந்தப் பெயரைச் சொல்லும். முண்டக்கையை விளக்க அது தேவையே இல்லை. விடாமல் பெய்த இரண்டு நாள் மழையே போதுமானது.

1984 முதல் 2024 வரை

1984 ஜூலை 1. முண்டக்கைக்கு மேலே மலை சரிந்து 14 பேர் இறந்தார்கள். 24 மணி நேரத்தில் 340 மி.மீ. மழை பதிவாகியிருந்தது. அன்று ஆற்றோரம் இவ்வளவு வீடுகள் கிடையாது. பிறகு வந்த ஆண்டுகளில் சரிவின் தழும்பை மரமும் புதரும் மூடின. கீழே குடியிருப்பு வளர்ந்தது. எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சேமிப்பைப் போட்டுச் சில சென்ட் வாங்கி வீடு கட்டினார்கள். பிற்காலத்தில் சுற்றுலாத் தங்கும் விடுதிகளும் வந்தன. ஒரு தலைமுறைக்குப் பிறகு 1984 என்பது வயதானவர்கள் சொல்லும் சேதி ஆகிவிட்டது.

2019 ஆகஸ்ட் 8. இம்முறை பக்கத்துப் புத்துமலை. 17 பேர் போனார்கள். அவர்களில் 5 பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூர் அருகே கவளப்பாறையில் 59 பேர். அதே மழைதான் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாநில எல்லை, மாவட்ட எல்லை என்று பிரித்துப் படிப்பதால் இவை தனித்தனிச் செய்திகளாகத் தெரிகின்றன. மழைக்கு இது ஒரே மலைத்தொடர்.

2020 ஆகஸ்ட். முண்டக்கைக்கு மேலே புஞ்சிரிமட்டம் பக்கம் மறுபடியும் சரிவு. வீடுகள் சேதமாயின, ஆனால் உயிரிழப்பு இல்லை. கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம், தன்னார்வலர்களைக் கொண்டு ஊர் ஊராக அளக்கும் மழையை வைத்து எச்சரித்தது. ஆட்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். அதே ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு ராஜமலை அருகே பெட்டிமுடியில் லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. சேதி வெளியே போகவே மறுநாள் காலை ஆனது. ஒரே மாதம், ஒரே வகைச் சரிவு. ஓரிடத்தில் மழையை அளந்து ஆட்களை நகர்த்தினார்கள், மற்ற இடத்தில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

2024 ஜூலை 30. முதல் சரிவு நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில், அடுத்தது விடிவதற்கு முன் நான்கு மணியளவில். தொடங்கிய இடம் கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில். இஸ்ரோ படங்களை ஆராய்ந்தவர்கள் அது முன்பே சரிந்த இடம் என்று குறித்தார்கள். கல், மண், மரம் எல்லாம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடின. குறுகலான இடங்களில் பெருமரங்களும் பாறைகளும் சிக்கி அணை போல ஆற்றை மறித்து, பின்னால் தண்ணீர் தேங்கி, அது உடைந்ததும் ஒரே வீச்சில் கீழே வந்தது என்று ஆய்வு செய்த நிபுணர் குழு விளக்கியது. வழக்கமான கரையைவிடப் பல மடங்கு அகலத்துக்குப் பாய்ந்ததற்கும், ஆற்றிலிருந்து தள்ளியிருந்த சூரல்மலைக் கடைவீதி வரை ஏறியதற்கும் இந்த அடைப்பு உடைந்ததே முக்கியக் காரணம். உடல்கள் சாலியாறு வரை அடித்துச் செல்லப்பட்டு நிலம்பூர்ப் பக்கம் கிடைத்தன. அடையாளம் தெரியாதவர்களை டி.என்.ஏ. எண் எழுதிய கல் நட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். 2019-இல் சரிந்த அதே புத்துமலை.

பாலம் போனதால் முண்டக்கை துண்டாகிவிட்டது. ராணுவத்தின் மெட்ராஸ் எஞ்சினியர் பிரிவு 190 அடி நீளப் பெய்லி பாலத்தை (இரும்புத் துண்டுகளைப் பொருத்தி விரைவாகக் கட்டும் பாலம்) ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடிக்கும்வரை, கனரக இயந்திரங்களை அந்தப் பக்கம் கொண்டுபோவது பெரும்பாடாக இருந்தது. அதற்கு முன் கயிற்றில் தொங்கி ஆற்றைக் கடந்து காயம்பட்டவர்களுக்கு மருந்திட்ட கூடலூர்ச் செவிலியருக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

எச்சரித்தார்களா, இல்லையா?

எச்சரித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேறு அளவில், வேறு பரப்புக்கு எச்சரித்தார்கள். குழப்பம் அங்கேதான்.

1. இந்திய வானிலைத் துறை 29-ஆம் தேதி வயநாட்டுக்குக் கொடுத்தது ஆரஞ்சு எச்சரிக்கை. அதன் பொருள் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. பெய்தது 372. சிவப்பு எச்சரிக்கை 30-ஆம் தேதி காலையில் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

2. புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு முன்னறிவிப்பு வயநாட்டுக்குப் பச்சையில் இருந்தது, அதாவது குறைந்த வாய்ப்பு என்று, கேரள முதல்வர் அப்போது சொன்னார். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் கொடுக்கும் முறையில் ஒரு மூலையின் ஆபத்து கரைந்துபோகும்.

3. ஹியூம் மையம் 29-ஆம் தேதி காலையிலேயே, சரிவுக்குப் பதினாறு மணி நேரம் முன்பு, முண்டக்கைப் பக்க மழையைச் சுட்டிக்காட்டி அதிகாரிகளிடம் சொல்லியிருந்தது.

மேலே இருந்த சில குடும்பங்களை அன்றே இடம் மாற்றவும் செய்தார்கள். அப்படியானால் இவ்வளவு பேர் ஏன் இறந்தார்கள்? 2020-இல் சரிவு புஞ்சிரிமட்டத்தோடு நின்றது. அதனால் ஆபத்து அங்கேதான், கீழே இருக்கும் முண்டக்கைக்கும் சூரல்மலைக்கும் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கடந்த சரிவு எட்டிய தூரத்தை அடுத்த சரிவின் எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றிலேயே மிகவும் வலிக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 2020-இல் அத்தனை உயிர்களைக் காப்பாற்றிய அனுபவமே 2024-இல் எல்லையைச் சிறிதாக்கிக் காட்டியது.

காடழிப்பா, எஸ்டேட்டா, காலநிலை மாற்றமா?

ஒவ்வொரு தரப்பும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

சரிவு தொடங்கிய உச்சி காட்டுக்குள் இருக்கிறது. அங்கே ரோடோ தேயிலையோ கிடையாது. ஆகவே மரம் வெட்டியதால்தான் உச்சி பெயர்ந்தது என்று நேராகச் சொல்ல முடியாது. அதேசமயம், மாவட்டத்தின் காட்டுப்பரப்பு 1950-இலிருந்து 2018-க்குள் 62 விழுக்காடு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆழ வேர்விடும் மரங்களின் இடத்தில் தேயிலை வந்தால் கீழ்ச்சரிவின் பிடிமானம் குறையும். ஓடிவரும் சேற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்க எதுவும் இருக்காது.

மழையைப் பொறுத்தவரை, மனிதர்களால் வந்த வெப்பமாதல் இந்த ஒருநாள் மழையைச் சுமார் 10 விழுக்காடு கனமாக்கியது என்று உலக வானிலைக் காரணவியல் குழு மதிப்பிட்டது. பத்து விழுக்காடு சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஏற்கெனவே ஊறி நிற்கும் மலையில் கடைசியாக விழும் முப்பது நாற்பது மில்லிமீட்டர்தான் பிடியை விடுவிக்கிறது என்பதை நினைத்தால் அது சின்னதில்லை.

மேற்குத்தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் தலைமையிலான குழு, 2011-இலேயே முண்டக்கை அடங்கிய வைத்திரி வட்டத்தை மிக உச்சப் பாதுகாப்பு தேவைப்படும் பகுதியாக வகைப்படுத்தியிருந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் 56,800 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பைச் சூழல் உணர்திறன் பகுதியாக்கும் வரைவு அறிவிப்பை மத்திய அரசு மறுபடி வெளியிட்டது 2024 ஜூலை 31 அன்று, சரிவுக்கு மறுநாள். இடைப்பட்ட பதின்மூன்று வருடங்களில் வரைவுகள் மாறி மாறி வந்தன, இறுதி அறிவிப்பு வரவில்லை. ஆனால் எந்த அறிவிப்பு வந்தாலும், ஓடைக்கரையில் ஏற்கெனவே இருக்கும் வீடு அதனால் நகர்ந்துவிடாது.

மழையை ஊரிலேயே அளப்பது

2020-இல் பயன்பட்டது பெரிய கருவி எதுவுமில்லை, மழைமானிதான். கூடலூர், பந்தலூர், வால்பாறை, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

1. உடம்பு நேராக இருக்கும் 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒடுங்கியது, வரிவரியாக வளைந்தது உதவாது. கழுத்து வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகுங்கள்.

2. பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூஜ்யம். மில்லிமீட்டர் ஸ்கேலின் பூஜ்யத்தை அங்கே வைத்து வெளியே ஒட்டுங்கள்.

3. திறந்த வெளியில், பக்கத்திலுள்ள மரம் அல்லது கூரையின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, ஒரு கம்பத்தில் வாய் சாயாமல் கட்டுங்கள். தரையில் வைத்தால் தெறிக்கும் தண்ணீரும் சேர்ந்துவிடும்.

4. தினமும் காலை 8.30-க்குப் பாருங்கள், வானிலைத் துறை நாள் கணக்குத் தொடங்கும் நேரம் அது. பலத்த மழையில் மணிக்கொருமுறை பார்த்து, எழுதிவிட்டு, பூஜ்யக் கோடு வரை கொட்டிவிடுங்கள்.

5. ஒவ்வொரு முறையும் மூன்று கூட்டல் போடுங்கள்: கடைசி 24 மணி, 48 மணி, 72 மணி.

எங்கே தவறும்? இந்தப் பாட்டிலில் அளக்கக்கூடியது 20 செ.மீ. அளவுக்குத்தான். ராத்திரி தூங்கிவிட்டால் நிரம்பி வழிந்துவிடும். காலையில் 200 என்று எழுதுவீர்கள், பெய்தது 370 ஆக இருக்கும். அதனால் இரண்டு பேர் முறை வைத்துப் பார்க்க வேண்டும். இலையோ பூச்சியோ புனலை அடைத்தாலும் அளவு குறைவாகக் காட்டும். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன் அளவை நம் ஊர் அளவாக எடுத்துக்கொள்வது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

எந்த அளவில் கிளம்புவது? சேர்ந்த மழை 600 மி.மீ.யை எட்டினால் சரிவு வரும் என்பது ஹியூம் மையம் வயநாட்டுக்குச் சொன்ன பொதுக்கணக்கு. 1984-இல் ஒரு நாள் மழை 340 ஆக இருந்தபோதே சரிந்தது. ஆகவே 600-க்குக் காத்திருப்பது சரியில்லை. ஓடையோரம் இருப்பவர்கள் இரண்டு நாள் கூட்டல் 300-ஐத் தாண்டி மழையும் விடாமல் பெய்தால், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவதே நல்லது. மண்ணும் சரிவும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் முன்பு சரிந்த நாள்களின் மழை அளவு கிடைத்தால், அதைவிடக் குறைவான ஓர் எண்ணை எல்லையாக வையுங்கள்.

மலை காட்டும் அடையாளங்கள்

1. மழை பெய்துகொண்டிருக்க ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைவது அல்லது நிற்பது. மேலே எங்கோ அடைத்திருக்கிறது. எந்த நொடியிலும் உடையலாம். மழை குறைந்துவிட்டது என்று நினைத்து ஓடையைப் பார்க்கப் போவது உயிருக்கு ஆபத்து.

2. தெளிவாக ஓடியது சட்டென்று செம்மண் கலங்கலாவது, பச்சை மரத்துண்டுகள் வேரோடு மிதந்து வருவது, மண்வாடை தூக்கலாக அடிப்பது.

3. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, கிணற்று நீர் கலங்குவது.

4. சரிவுக்குக் குறுக்காக நிலத்தில் வெடிப்பு, சாயும் மின்கம்பம், திறக்க மூட முடியாமல் இறுகும் கதவு.

5. மேலிருந்து விடாமல் வரும் உறுமல் சத்தம்.

ஓட வேண்டியது ஓடைக்குக் குறுக்காக, பக்கவாட்டில், மேடான முகடு நோக்கி. ரோடு கீழே போகிறது என்று ஆற்றோரமாக இறங்கினால் சேறு முந்திவிடும். முதல் சரிவு முடிந்ததும் சாமான் எடுக்கவோ ஆளைத் தேடவோ உடனே இறங்கக் கூடாது. முண்டக்கையில் இரண்டாவது சரிவு மூன்று மணி நேரம் கழித்து வந்தது. முகாமாகப் பயன்படுத்தும் பள்ளிக்கூடமும் சமுதாயக்கூடமும் ஓடையோரத்தில் இருக்கின்றனவா என்று கோடையிலேயே பார்த்துவிட வேண்டும். சூரல்மலையில் வெள்ளார்மலைப் பள்ளிக்கூடமே ஆற்றங்கரையில்தான் இருந்தது.

திரும்பிப் போகலாமா?

புவியியலாளர் ஜான் மத்தாய் தலைமையிலான நிபுணர் குழு, புஞ்சிரிமட்டம் குடியிருக்கத் தகாத இடம் என்று சொன்னது. ஆற்றின் இரு கரையிலும் பொதுவாக 50 மீட்டருக்குக் குடியிருப்பு கூடாது என்றது. சூரல்மலையின் பெரும்பகுதி பாதுகாப்பானது என்றும் சொன்னது. அந்த 50 மீட்டர் கோட்டுக்கு வெளியே வீடு தப்பியும், கடையும் பள்ளியும் அக்கம்பக்கமும் இல்லாமல்போன குடும்பங்கள், ‘நாங்கள் மட்டும் இங்கே எப்படி இருப்பது’ என்று கேட்கின்றன. நியாயமான கேள்வி. வீடு நிற்கிறது என்பதற்காக ஊர் இருக்கிறது என்று ஆகிவிடாது. கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் மாதிரி நகரியத்துக்கு 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு வீட்டுக்கு 7 சென்ட் நிலம், 1,000 சதுர அடி கட்டடம் என்பது திட்டம்.

சரிந்த மலை இனிச் சரியாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. 1984-க்குப் பிறகும் அப்படித்தான் நம்பினார்கள். சரிவின் உச்சியில் மண் செங்குத்தாக அறுபட்டு நிற்கிறது. ஓடை நெடுகிலும் பிடிப்பில்லாத கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கின்றன. புதிய சரிவு இல்லாமலே, ஊறாத மலையின்மேல் பெய்யும் சாதாரணக் கனமழையிலேயே இவை கிளம்பும். 2025 ஜூன் கடைசியில் புன்னப்புழையில் சேறும் கல்லுமாக வெள்ளம் வந்து ஊர் பதறியபோது, இது புதிய சரிவு இல்லை, பழைய குவியல் கரைந்து வருகிறது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டதால், முன்பு கரைக்குள் போன தண்ணீர் இப்போது கரை தாண்டும்.

எஸ்டேட் வேலை அங்கேயே இருக்கிறது. கல்பற்றாவில் வீடு கிடைத்தாலும் கொழுந்து பறிக்கப் பலர் இந்த ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே வீடு கட்டிக் கொடுப்பதோடு ஊராட்சி நான்கை எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது: எத்தனை மில்லிமீட்டரில் பாலத்தை மூடுவது, அன்று வேலைக்குப் போகாதவருக்குக் கூலி யார் கொடுப்பது, ராத்திரியில் மழைமானியைப் பார்ப்பவர் யார், அவர் அளவைச் சொன்னதும் மைக்கில் அறிவிக்கப் பொறுப்பானவர் யார். பருவமழை ஜூன் முதல் வாரத்தில் தொடங்கிவிடும். இவை மே மாதத்துக்குள் முடிவாகிப் பாடிகளின் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.